பாழா? இடிபாடா? – டர்னரின் டின்டர்ன் மடாலய ஓவியம்

முன்னுரை

ஓர் ஓவியத்தைப் பார்த்து "அழகாக இருக்கிறது" என்று சொல்வது எளிது. அந்த அழகு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. அதிலும், ஓவியத்தில் இருப்பது கூரை போய், சன்னல் உடைந்து, கொடி படர்ந்து நிற்கும் ஒரு கட்டடம் என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. உடைந்து போன ஒன்று நமக்கு ஏன் அழகாகத் தெரிகிறது? அதை உடைத்தவர் யார்?

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் செழித்த கலை இலக்கியப் போக்கினை ரொமாண்டிசிசம் என்பர். தமிழில் புனைவியல் எனலாம். அக்கால ஓவியர்கள் மீண்டும் மீண்டும் நாடிச் சென்ற பொருள்களுள் ஒன்று, செடிகொடி மூடிய பழைய கோதிக் தேவாலயம். அவ்வகை ஓவியங்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனை எவ்வாறு படிக்கலாம் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடங்கும் முன் ஒரு சொல் விளக்கம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் வரலாற்றை மலாய்மொழியில் கற்ற என்னைப் போன்றோருக்கு இத்தகைய கட்டடத்தைக் கண்டதும் 'ருந்துஹான்' என்ற சொல்லே முதலில் நாவில் வரும். அதன் வேர்ச்சொல்லுக்குச் சரிந்து விழுதல் என்று பொருள். தமிழில் எழுத உட்கார்ந்தபோதோ இரண்டு சொற்கள் எதிரே வந்து நின்றன. ஒன்று 'பாழ்'. ஆளின்றி, பயனின்றி, வெறுமையாய்க் கிடப்பது பாழ். மற்றொன்று 'இடிபாடு'. இடிபடுதல் என்ற வினையிலிருந்து வருவது அது. இடித்தது மனிதக் கையாகவும் இருக்கலாம், நிலநடுக்கமாகவும் இருக்கலாம். ஆனால் இடித்த ஒன்று உண்டு என்பதை அச்சொல் மறைப்பதில்லை. நாம் காணப்போகும் ஓவியத்திற்கு இவற்றுள் எந்தச் சொல் பொருந்தும்? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு ஓவியத்திற்குள் நுழைவோம்.

ஓவியமும் ஓவியரும்

ஜோசப் மல்லர்ட் வில்லியம் டர்னர் 1775இல் இலண்டனில் ஒரு முடிதிருத்துநரின் மகனாகப் பிறந்தார். 14ஆம் வயதிலேயே ராயல் அகாடமி கலைப்பள்ளியில் சேர்ந்தார். கட்டடங்களைத் துல்லியமாக வரையும் வரைவாளரிடம் பயிற்சியும் பெற்றார். 1792ஆம் ஆண்டு, தம் 17ஆம் வயதில், வேல்சின் தென்பகுதிக்குப் பயணம் மேற்கொண்டபோது வை ஆற்றங்கரையில் உள்ள டின்டர்ன் மடாலயத்தைக் கண்டு கோட்டோவியங்கள் தீட்டினார். அவற்றைக் கொண்டு பின்னர் நீர்வண்ண ஓவியங்களை உருவாக்கினார். ஒரே இடத்தை அவர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரைந்திருக்கிறார். நாம் இங்கு எடுத்துக்கொள்வது, மடாலயத் தேவாலயத்தின் நடுவில் நின்று கிழக்குச் சன்னலை நோக்குவதாக அமைந்த, 1794ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓவியம். 1851இல் டர்னர் மறைந்த பின் நாட்டுக்கு வந்து சேர்ந்த அவரது படைப்புகளுள் ஒன்றான இது, இன்று பிரிட்டனின் டேட் கலைக்கூடத் தொகுப்பில் உள்ளது.

ஓவியத்தின் அளவு ஏறக்குறைய 36 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம். நாம் பாடக்குறிப்பு எழுதும் ஏ4 தாளைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். ஆயினும் பார்ப்பவர் அண்ணாந்து பார்ப்பது போன்ற உணர்வைப் பெறுகிறார். இதற்குக் காரணம் பார்வைக் கோணம். ஓவியர் தம் கண்ணைத் தரைக்கு அருகில் வைத்துக்கொண்டு, வளைவுகளைத் தாளின் மேல்விளிம்பு வரை ஏற்றிவிடுகிறார். முன்னால் ஒரு பெரிய கூர்முனை வளைவு. அதன் ஊடாக அப்பால் கிழக்குச் சுவரின் மாபெரும் சன்னல். சன்னலில் கண்ணாடி இல்லை. கற்பின்னல்களும் பெரும்பாலும் போய்விட்டன. நடுவில் ஒற்றைக் கற்கம்பம் மட்டும் எஞ்சி நிற்க, மீதி முழுவதும் வானம். மேலே கூரை இருக்க வேண்டிய இடத்திலும் வானம். வளைவுகளின் தோளிலிருந்து ஐவி கொடி கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. அடியில் மிகச் சிறியனவாக மனித உருவங்கள். கட்டடம் எவ்வளவு உயரம் என்று நமக்கு அளந்து காட்டும் அளவுகோல் அவர்களே.

நீர்வண்ணத்தில் வெள்ளை நிறம் என்பது பெரும்பாலும் பூசப்படாமல் விடப்பட்ட தாள்தான். எனவே இவ்வோவியத்தில் ஒளி என்பது ஓவியர் சேர்த்தது அன்று, விட்டுவைத்தது. கூரை இல்லாத இடத்தில்தான் ஒளி மிகுதி. கட்டடம் எதை இழந்ததோ அதுவே ஓவியத்திற்கு ஒளியாகிறது. இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும்: அந்த இழப்பு எப்படி நேர்ந்தது?

கோதிக் கட்டடக்கலை: சிறு விளக்கம்

இதற்கு விடை காண, கட்டடம் முழுமையாக நின்ற காலத்தை அறிதல் வேண்டும். டின்டர்ன் மடாலயம் 1131இல் வால்டர் டி கிளேர் என்ற பிரபுவால் நிறுவப்பட்டது. சிஸ்டெர்சியன் என்ற கிறித்துவத் துறவியர் சபைக்கு வேல்சில் அமைந்த முதல் மடம் இதுவே. எளிமை, உடலுழைப்பு, ஊரிலிருந்து விலகிய வாழ்வு ஆகியவை அச்சபையின் நெறிகள். ஆறும் காடும் மலையும் சூழ்ந்த இடத்தை அவர்கள் தெரிந்தெடுத்தது காட்சியை ரசிப்பதற்காக அன்று. உலகை விட்டு ஒதுங்குவதற்காக. ஓவியத்தில் உள்ள தேவாலயம் அதன்பின் 1269 முதல் 1301 வரை புதிதாகக் கட்டப்பட்டது. அதன் நீளம் சுமார் 70 மீட்டர்.

அது கட்டப்பட்ட பாணியே கோதிக். இப்பெயர் அதனைக் கட்டியவர்கள் சூட்டியதன்று. பழைய உரோமைக் கலையையே உயர்வாகக் கருதிய 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய எழுத்தாளர்கள், உரோமை நகரைச் சூறையாடிய கோத் இனத்தாரோடு தொடர்புபடுத்தி இழிவாகச் சொன்ன பெயர் பின்னாளில் நிலைத்துவிட்டது. இப்பாணியின் உயிர்நாடி கூர்முனை வளைவு. அரைவட்ட வளைவு தன்மேல் உள்ள சுமையைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். கூர்முனை வளைவோ சுமையைப் பெரிதும் கீழ்நோக்கி இறக்கும். கூரையின் கீழ் குடைக்கம்பிகளைப் போல் விரியும் கல்விலாக்கள் சுமையைத் தூண்களுக்குக் கடத்தும். வெளியே நிற்கும் முட்டுச்சுவர்கள் எஞ்சிய தள்ளுவிசையைத் தாங்கும். சுவர் சுமக்க வேண்டியது குறைவதால் சுவரின் பெரும்பகுதியைத் திறந்து சன்னலாக்க முடிந்தது. டர்னரின் ஓவியத்தில் கிழக்குச் சுவர் ஏறத்தாழ முழுவதும் சன்னலாகவே இருப்பதன் காரணம் இதுவே.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய கட்டடம் ஒரு கூட்டுறவு போன்றது. கூரை, விலா, தூண், முட்டு ஆகிய ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தாங்கி நிற்கிறது. ஓர் உறுப்பை எடுத்துவிட்டால் மற்றவை தளரத் தொடங்கும்.

1536: நடந்தது என்ன?

அப்படி எடுக்கப்பட்ட உறுப்பு கூரை. இங்கிலாந்தின் மன்னர் எட்டாம் ஹென்றி, 1534இல் போப்பாண்டவரின் அதிகாரத்தை மறுத்துத் தம்மையே நாட்டுத் திருச்சபையின் தலைவராக்கினார். 1536இல், ஆண்டு வருமானம் 200 பவுனுக்குக் குறைந்த மடங்களைக் கலைக்கும் சட்டம் வந்தது. டின்டர்ன் அச்சட்டத்திற்கு உட்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள் அதன் தலைமைத் துறவி மடத்தை மன்னரின் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். ஏறத்தாழ 400 ஆண்டுக் காலத் துறவு வாழ்வு அன்றோடு முடிவுற்றது. விலையுயர்ந்த பொருள்கள் அரசுக் கருவூலத்திற்குச் சென்றன. கட்டடமும் நிலமும் செப்ஸ்டோவின் பிரபுவான வூஸ்டர் கோமகனுக்கு வழங்கப்பட்டன. 1540 முடிவதற்குள் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறக்குறைய 800 மடங்கள் இவ்வாறு கலைக்கப்பட்டன.

கூரையைப் போர்த்தியிருந்தது ஈயத் தகடு. ஈயம் அன்று நல்ல விலை பெற்ற உலோகம். டின்டர்ன் கூரையின் ஈயமும் உரித்தெடுக்கப்பட்டது. ஈயம் போனால் மழைநீர் உள்ளே இறங்கும். மரச்சட்டங்கள் உளுத்துப் போகும். கல்விலாக்களின் இணைப்புகள் தளர்ந்து மேற்கூரை விழும். அதன்பிறகே கொடிக்கும் பாசிக்கும் அங்கு இடம் கிடைக்கிறது.

ஆக, கொடி அந்தக் கட்டடத்தை வீழ்த்தவில்லை. வீழ்ந்த பிறகுதான் வந்தது. காலம் மெல்ல மெல்லத் தின்ற ஒன்றாக ஓவியம் காட்டுவது, உண்மையில் ஒரு சட்டம், ஒரு கையொப்பம், ஓர் ஈய வணிகம் ஆகியவற்றின் விளைவு. ஓவியத்தின் சொல் பாழ். வரலாற்றின் சொல் இடிபாடு.

இடிபாட்டை ரசிக்கக் கற்ற காலம்

அப்படியானால் 250 ஆண்டுகளுக்குப் பிறகு வந்தவர்கள் அதனை ஏன் தேடிவந்து ரசித்தார்கள்? இதற்கு ஒரு நூலின் பங்கு பெரிது. வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் 1770இல் வை ஆற்றில் படகுப் பயணம் செய்தார். அப்பயணக் குறிப்புகள் 1782இல் நூலாக வெளிவந்தன. ஒரு நிலக்காட்சியை அது ஓவியமாகத் தீட்டத்தக்கதா என்ற நோக்கில் அளந்து பார்ப்பதே அவர் கற்பித்த முறை. 'பிக்சரெஸ்க்' எனப்பட்ட இச்சுவை விரைவில் பெரும் பழக்கமாயிற்று. வழவழப்பைவிடக் கரடுமுரடும், ஒழுங்கைவிட ஒழுங்கின்மையும் இச்சுவைக்கு உகந்தவை. எனவே இடிந்த கட்டடம் முழுக் கட்டடத்தைவிட உயர்ந்ததாயிற்று!

கில்பின் ஒரு படி மேலே சென்றார். டின்டர்னின் முக்கோணச் சுவர்முனைகள் மிகவும் ஒழுங்காக இருப்பது அவர் கண்ணை உறுத்தியது. தக்க முறையில் ஒரு சம்மட்டியைப் பயன்படுத்தினால் அவற்றைச் செம்மைப்படுத்தலாம் என்று எழுதினார். இடிந்ததை இன்னும் கொஞ்சம் இடித்தால் அழகு கூடும் என்பது அதன் பொருள். ஈயத்திற்காக இடித்த காலம் போய், காட்சிக்காக இடிக்க நினைக்கும் காலம் வந்துவிட்டது.

பயணிகளின் ரசனை முறையும் விந்தையானது. கிளாட் கண்ணாடி என்ற கறுத்த, புடைத்த சிறு கண்ணாடியைப் பலர் கையில் வைத்திருந்தனர். காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்ப்பார்கள். ஓவியம் போலவே தெரியும். 1793இல் பிரான்சுடன் போர் மூண்டு ஐரோப்பியப் பயணம் கடினமானபோது உள்நாட்டுக் காட்சிகளை நாடியோர் மேலும் பெருகினர். டர்னரின் ஓவியம் தோன்றியது இச்சூழலில்தான்.

இடமும் அவர்களுக்கென்றே ஆயத்தமாகியிருந்தது. வூஸ்டர் கோமகனின் வழிவந்த போஃபர்ட் கோமகன் 18ஆம் நூற்றாண்டில் உள்ளே குவிந்து கிடந்த கற்களை அகற்றிப் புல்தரை அமைத்திருந்தார். தரை திருத்தப்பட்டது, சுவரில் கொடி விட்டுவைக்கப்பட்டது. யாரும் தீண்டாத பாழ் போலத் தோன்றிய அவ்விடம் உண்மையில் பேணப்பட்ட ஒரு பாழ்.

கில்பின் பின்தொடர்ந்த மூதாட்டி

ஓவியத்திற்கு வெளியே நின்றவர்களும் உண்டு. மடாலயத்தைச் சுற்றி ஏழைகள் குடிசைகளிலும் இடிந்த சுவர்களின் மூலைகளிலும் வாழ்ந்தார்கள் என்பதையும், பயணிகளிடம் இரந்து நின்றார்கள் என்பதையும் கில்பினே பதிவு செய்துள்ளார். அவர்களுள் ஒரு மூதாட்டி, துறவிகளின் நூலகத்தைக் காட்டுகிறேன் என்று அவரை அழைத்துச் சென்றாள். நடக்கவும் இயலாமல், இரு கோல்களை ஊன்றித் தள்ளாடிப் போனாள். சென்று சேர்ந்த இடத்தில் நூலகம் எதுவும் இல்லை. ஈரம் கசியும் சுவர்களுக்கு இடையே அவள் குடியிருந்த இடம் அது. அவள் காட்ட விரும்பியது தன் வறுமையைத்தான் என்று கில்பின் உணர்ந்து எழுதுகிறார்.

அரை மைல் தொலைவில் பெரிய இரும்பாலைகள் இயங்கியதையும் அவரே குறிப்பிடுகிறார். டின்டர்ன் பகுதியில் உலோகத் தொழில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வேரூன்றிவிட்டது. ஆக, அமைதியின் உறைவிடம் என்று பெயர் பெற்ற அப்பள்ளத்தாக்கில் உலையும் சம்மட்டி ஓசையும் இருந்தன. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1798ஆம் ஆண்டில் இயற்றிய புகழ்பெற்ற கவிதையின் தலைப்பில் டின்டர்ன் மடாலயம் உண்டு. கவிதைக்குள் அக்கட்டடம் பேசப்படுவதில்லை. இதனைப் பிற்காலத் திறனாய்வாளர்கள் சுட்டிக்காட்டி, சொல்லாமல் விடப்பட்டவை எவை என்று விவாதித்துள்ளனர். அதே கேள்வியை ஓவியத்திடமும் கேட்கலாம்.

டர்னரைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. வளரும் இளைஞர் ஒருவர், தாம் கண்ட வளைவையும் ஒளியையும் வியக்கத்தக்க திறத்தோடு தாளில் இறக்கினார். உடைந்த சன்னலை அவர் ஒட்டவைத்துக் காட்டவில்லை. ஆனால் ஓர் ஓவியத்திற்கு நான்கு விளிம்புகள் உண்டு. விளிம்புக்கு வெளியே நிற்பதைத் தேடிப் போவது பார்ப்பவரின் கடமையாகும்.

ஐவி கொடியின் கதை

டர்னர் கண்ட கொடியை இன்று அங்கே காண இயலாது. 1901இல் பிரிட்டிஷ் அரசு மடாலயத்தை வாங்கியது. அதைத் தொடர்ந்த பழுதுபார்ப்புப் பணிகளில் சுவர்கள் வலுப்படுத்தப்பட்டன; கொடிகள் அகற்றப்பட்டன. இன்று பராமரிப்புப் பொறுப்பு காடு எனும் வேல்சு அரசின் தொல்லியல் பாதுகாப்பு அமைப்பிடம் உள்ளது (வேல்சு மொழியில் அச்சொல்லுக்குக் காத்தல் என்று பொருள், நம் காட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை). வெறுங்கல்லாய் நிற்கும் சுவர்களையே இன்றைய பயணிகள் காண்கின்றனர்.

கொடி கட்டடத்திற்குப் பகையா, துணையா? விரிசலுக்குள் வேர் விட்டால் அது தடித்துக் கல்லைப் பிளக்கும் என்பது உண்மை. அதே வேளையில், 2000களின் பிற்பகுதியில் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய சுவர்களை அளந்து பார்த்தபோது, சுவர்மேல் படர்ந்த ஐவி கடும் வெப்பத்தையும் குளிரையும் தணித்து, காற்றின் மாசுத் துகள்களையும் தடுத்துச் சில இடங்களில் கல்லைக் காப்பதைக் கண்டனர். ஏற்கெனவே பழுதுற்ற சுவரா, நலமான சுவரா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஓவியத்தில் அழிவின் அடையாளமாக நாம் எண்ணும் கொடி சில இடங்களில் காவலாளியாகவும் இருந்திருக்கலாம்.

ஓர் ஒப்பீடு

டர்னருக்கு ஓராண்டு மூத்தவரான ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக், கருவேலங்காட்டிலிருந்து வேறுபட்ட, குளிர்நாட்டு ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு மடாலயத்தை 1809–10இல் வரைந்தார். 1810இல் பெர்லினில் காட்சிக்கு வைக்கப்பட்ட அவ்வோவியத்தைப் பிரஷ்ய மன்னர் வாங்கினார். அவருக்கு முன்மாதிரியாக அமைந்தது, அவர் பிறந்த கிரைஃப்ஸ்வால்டு நகருக்கு அருகில் உள்ள எல்டெனா மடம். அதுவும் சிஸ்டெர்சியன் மடமே. அதுவும் 1535இல், சமயச் சீர்திருத்தக் காலத்தில் கலைக்கப்பட்டது. பின்னர் அதன் செங்கற்களைக் கோட்டை கட்டவும் பிற கட்டடங்களுக்கும் கொண்டு சென்றனர்.

ஒரே வகை வரலாறு. ஆனால் ஓவியங்கள் வேறு. டர்னரிடம் பசுங்கொடியும் பகலொளியும் உண்டு. ஃப்ரீட்ரிக்கிடம் பனி, இலையுதிர்ந்த மரங்கள், கல்லறைகள். எஞ்சி நிற்கும் ஒற்றைச் சுவரின் வாயிலுக்குள் துறவிகள் ஒரு சவப்பெட்டியைச் சுமந்து செல்கின்றனர். மடம் கலைந்து ஏறத்தாழ 275 ஆண்டுகளுக்குப் பின் அங்கே துறவிகள் எப்படி வந்தனர்? வரவில்லை, ஓவியர் அழைத்து வந்தார். அங்கே யாரோ வாழ்ந்தார்கள், அவர்களின் வாழ்வு முடிந்தது என்ற நினைவு அவ்வோவியத்தில் துக்கமாக நிற்கிறது. டர்னரின் ஓவியத்தில் அந்தத் துக்கத்தை நாமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியுள்ளது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து, இடிந்த கட்டடத்தைக் காட்டும் எந்த ஓவியத்தையும் புகைப்படத்தையும் பார்க்கும்போது கேட்கத்தக்க மூன்று கேள்விகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, கூரையை எடுத்தவர் யார்? இரண்டாவது, கொடியை விட்டுவைத்தவர் யார்? மூன்றாவது, இப்படம் உருவான காலத்தில் அங்கு வாழ்ந்தவர் யார்? இக்கேள்விகள் அழகைக் கெடுத்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. டின்டர்னின் கதையை அறிந்த பின்பும் அந்தக் கூர்முனை வளைவு உயர்ந்தே நிற்கிறது. அதனூடே வரும் ஒளியும் குறையவில்லை. அந்த ஒளிக்கு யார் என்ன விலை கொடுத்தார் என்பது மட்டும் கூடுதலாகத் தெரிகிறது.

தமிழ்ப் பேரவையின் ஆண்டிதழில் வேல்சு நாட்டு ஓவியம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். ஓவியத்தைப் பற்றிய குறிப்புகள் அனைத்தையும் நான் பிறமொழியில்தான் படித்தேன். அப்போது பாழா, இடிபாடா என்ற கேள்வி எழவே இல்லை. தமிழில் எழுதத் தொடங்கி, எந்தச் சொல்லை இடுவது என்று தயங்கிய இடத்தில்தான் அது எழுந்தது. நம் மொழியில் கதையும் கவிதையும் மட்டுமின்றி, உலகின் எந்தப் பொருளைப் பற்றியும் எண்ணிப் பார்க்க முயல்வோமானால் இத்தகைய கேள்விகள் இன்னும் பல கிடைக்கும். முயன்று பார்ப்போம்.